உண்கலமும் அணிகலமும்



இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்டது ஒரு சிறு சொல். 'கலம்' என்பது அச்சொல். நாம் உண்ணும் பாத்திரம் உண்கலம். உடலில் அணியும் நகை அணிகலம். கடலில் ஓடுவது மரக்கலம். போரில் ஏந்துவது படைக்கலம். நெல்லை அளக்கும் ஓர் அளவுக்கும் கலம் என்றே பெயர். வெண்கலம் என்ற உலோகத்தின் பெயரிலும் இச்சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இவற்றுள் உண்கலத்தையும் அணிகலத்தையும் மட்டும் இன்று ஒருசேர வைத்து நோக்க விரும்புகிறேன்.

இன்று பாத்திரக்கடை வேறு, நகைக்கடை வேறு. ஆனால் தமிழ்மொழி இவ்விரண்டையும் ஒரே பெயரால் அழைத்தது. அதற்குப் பொருள் இல்லாமல் இல்லை. இரண்டும் பிறர் முன்னிலையில் அழகு பெறுபவை. தனியே இருந்து கஞ்சி குடிப்பவனுக்கு ஒரு மண்சட்டி போதும். சித்திர வேலைப்பாடு அமைந்த செம்பு, விருந்தினன் படியேறும்போதுதான் பெட்டகத்திலிருந்து வெளியே வருகிறது. வீட்டு வேலை செய்யும் பெண்ணின் கழுத்தில் ஒரு கறுத்த நூலே இருக்கலாம். அவளுடைய பதக்கமும் சங்கிலியும் ஊர் கூடும் நாளில்தான் ஒளி காண்கின்றன. விருந்தும் சடங்கும் இல்லாவிட்டால் கன்னாருக்கும் தட்டாருக்கும் பெரிய வேலை இருந்திராது.

எனவே ஒரு கலத்தின் வடிவத்தை ஒரு பாட்டைப் படிப்பதுபோலப் படிக்கலாம் என்பது என் எண்ணம். அகப்பாட்டைப் படிக்கும்போது யார் கூற்று, யாருக்குக் கூறியது என்று கேட்கிறோம் அல்லவா? கலத்தைப் பார்க்கும்போதும் அவ்விரு கேள்விகளையும் கேட்கவேண்டும். இது யார் நீட்டிய கலம்? யாருக்கு நீட்டிய கலம்? யாருக்கு நீட்டப்படவில்லை என்ற மூன்றாவது கேள்வி, இவ்விரண்டிலிருந்தும் தானாகவே பிறக்கும்.

முதலிற் சங்க இலக்கியத்துக்குச் செல்வோம். முடத்தாமக்கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படையிலே கரிகாற் பெருவளத்தானின் விருந்து விரிவாகச் சொல்லப்படுகிறது. பசியோடும் கந்தைத் துணியோடும் வந்த கலைஞர்களுக்கு அவன் புத்தாடை கொடுக்கிறான். பொற்கலத்திலே கள் வார்க்கப்படுகிறது. இறைச்சியும் சோறும் நாட்கணக்கிலே பரிமாறப்படுகின்றன. விடைபெறும் வேளையிலே பொருநனுக்குப் பொன்னாற் செய்த தாமரைப்பூ, பாடினிக்குப் பொன்மாலை. விருந்து உண்கலத்தில் தொடங்கி அணிகலத்தில் முடிவதைக் கவனியுங்கள். பொற்றாமரை ஒரு நகை மட்டுமல்ல. இன்ன அரசனின் அவையிலே நான் உண்டேன், மதிக்கப்பட்டேன் என்பதற்குத் தலையிற் சூடிய சான்று அது. அதன் வடிவத்தைத் தீர்மானித்தது அந்தக் கொடைச் சடங்கே.

புறநானூற்றின் 56 ஆவது பாடலிலே, நக்கீரனார் பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். யவனர் கொண்டுவந்த மணங்கமழும் தேறலை, வளையணிந்த மகளிர் பொற்கலத்தில் ஏந்திக் கொடுக்க, நீ மகிழ்ந்து வாழ்வாயாக என்பது அங்கே கருத்து. ஒரே காட்சியில் மகளிரின் கையிலே வளை, அந்தக் கையிலே கலம். அணிகலமும் உண்கலமும் இவ்வளவு நெருங்கி நிற்கின்றன. ஆனால் அந்த மகளிர் யார், அவர்கள் எந்தக் கலத்தில் உண்டார்கள் என்பதைப் பாட்டு சொல்வதில்லை.

அதைச் சொல்வதற்கு இளங்கோவடிகள் வரவேண்டியிருந்தது. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை நான் வகுப்பிலே கற்பிக்கும்போதெல்லாம், மாணவரின் மனம் கொலையை நோக்கியே ஓடும். நான் அவர்களைச் சமையற்கட்டிலே சற்று நிறுத்துவேன். மதுரைக்குப் புறத்தே ஆயர் குடியிருப்பிலே மாதரி தந்த சிறு மனை. மாநாய்கன் மகளாகிய கண்ணகி முன்பின் பழகாத அடுக்களையிலே நின்று, விரல் சிவக்கக் காய் அரிந்து சமைக்கிறாள். கோவலன் பனையோலைப் பாயில் அமர்கிறான். சுட்ட மண்ணாற் செய்த பாத்திரத்து நீரால் அவன் அடிகளைக் கழுவுகிறாள். குருத்து வாழையிலையை விரித்துச் சோறு இடுகிறாள். உண்டு முடிந்ததும் வெற்றிலையும் பாக்கும் கொடுக்கிறாள்.

புகாரிலே பெருஞ்செல்வத்தில் வாழ்ந்த குடும்பம் இது. இப்பொழுது உண்கலம் மண்ணும் இலையுமாகிவிட்டது. ஆயினும் விருந்தோம்பலின் ஒழுங்கில் எதுவும் குறையவில்லை. பாய், நீர், இலை, சோறு, வெற்றிலை என்று ஒவ்வொன்றும் அதனதன் இடத்திலே வருகிறது. அந்த வெற்றிலை கைமாறிய பிறகுதான் கோவலன் அவளுடைய சிலம்புகளில் ஒன்றை வாங்கிக்கொண்டு வெளியே செல்கிறான். உண்கலம் முடிந்து அணிகலம் தொடங்கும் அந்த இடம், காப்பியத்தின் மிகக் கொடிய திருப்பம்.

அந்தச் சிலம்பு எப்படிச் செய்யப்பட்டது என்பதே பின்னர் வழக்கின் தீர்ப்பாகிறது. உள்ளே பரல் இட்டு ஒலிக்கச் செய்வது சிலம்பின் அமைப்பு. அரசியின் சிலம்பில் முத்துப் பரல், கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல். வெளியே பார்த்தவர்களுக்கு இரண்டும் ஒன்றே. உடைத்தபோதுதான் உண்மை தெறித்தது. நகையின் உள்ளமைப்பே சாட்சி சொல்லி ஓர் அரசனின் உயிரை வாங்கியது. சங்க காலத்திலே திருமணத்துக்கு முன் மகளின் காற்சிலம்பைக் கழற்றும் சிலம்புகழி நோன்பு என்ற சடங்கு இருந்தது. அந்தச் சடங்கை அறிந்த மக்களிடையே, சிலம்பு ஒரு பெண்ணின் வாழ்க்கைப் பருவத்தையே குறிக்கும் அடையாளம். அதனாலேதான் உடைந்த சிலம்பின் ஓசை இத்தனை காலம் கேட்டுக்கொண்டிருக்கிறது.

நேயர்களே, இனி நம் வீட்டுக்கு வருவோம். யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளிலே மூக்குப்பேணி என்றொரு கலம் இருந்தது. பித்தளையிலோ வெண்கலத்திலோ வார்த்த பேணி. அதன் ஒரு பக்கத்திலே பறவையின் அலகுபோல ஒரு மூக்கு. குடிப்பவர் தலையை அண்ணாந்து, அந்த மூக்கின் வழியே மெல்லிய தாரையாக நீரையோ தேநீரையோ வாயில் வார்த்துக்கொள்வார். உதடு கலத்திற் படாது. ஒரே பேணி பலருக்குப் பயன்படலாம். எச்சில் பற்றிய நம்பிக்கையையும், வருவோர் போவோருக்குத் தாராளமாகக் குடிக்கக் கொடுக்கும் வழக்கத்தையும் ஒரே வடிவத்தில் இணைத்துவிட்டான் அதைச் செய்த கன்னான். அதன் கனமும் வளைவும் கைக்கு அடங்கும் பாங்கும் அழகானவை. கன்னாதிட்டி என்ற ஊர்ப்பெயரிலும் தட்டாதெரு என்ற தெருப்பெயரிலும் அந்தக் கைவினைஞரின் நினைவு இன்னும் வாழ்கிறது.

மூக்குப்பேணிக்கு முன்னதாக வெற்றிலைத் தட்டம் வரும். வீட்டுக்கு வந்தவர் முன்னே அதை வைப்பது வரவேற்பு. வெற்றிலை வைத்து அழைத்தாற்றான் அழைப்பு. அந்தத் தட்டத்துக்கு ஒரு கால் உண்டு. பாயில் அமர்ந்திருப்பவரின் கைக்கு எட்டும் உயரம் அது. நாற்காலிகள் வந்தபின் அந்தக் கால் வேலையற்றுப்போனது. ஆனாலும் காலுள்ள தட்டம்தான் இன்றும் கலியாண வீட்டிலே தேடப்படுகிறது. வழக்கம் மாறிய பின்னும் வடிவம் அதை நினைவில் வைத்திருக்கிறது.

வெற்றிலைக்கான கலங்கள் தமிழருக்கு மட்டும் உரியவையல்ல. கண்டி இராச்சியத்துக் கைவினைஞர் பாக்குவெட்டியையும் சுண்ணாம்புச் சிமிழையும் நகைபோலவே செய்தார்கள். பாக்குவெட்டியின் பிடிகளிலே பறவையும் குதிரையும் மனித உருவமும் தோன்றும். சங்கிலி கோத்த வட்டமான சுண்ணாம்புச் சிமிழ், மூடியிலே இழையோடிய சித்திரத்தோடு, காண்பதற்குப் பதக்கம் போலவே இருக்கும். கனிப்பொருள் ஆய்வுக்காக இந்நாடு முழுவதும் அலைந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, இத்தகைய பொருள்களின் கலைச்சிறப்பைக் கண்டு, 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற பெருநூலை 1908 இல் வெளியிட்டார். அன்றாடம் கையாளும் பொருளையும் கலை என்று மதிக்க நமக்குக் கற்பித்தவர்களுள் அவர் முதன்மையானவர்.

ஆனால் அழகைச் சொல்லி நிறுத்திவிட ஓர் ஆசிரியனால் முடியாது. சில ஆண்டுகளுக்கு முன்பு, பண்பாட்டுப் பொருள்கள் பற்றிய பாடத்துக்காக எங்கள் வீட்டு மூக்குப்பேணியை வகுப்புக்குக் கொண்டுசென்றேன். 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, என் அம்மம்மா பெட்டகத்துப் பித்தளைப் பாத்திரங்களைச் சாக்கிலே கட்டிக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டு வந்தார். திரும்பிச் சென்றபோது அதிலே மிஞ்சிய சிலவற்றுள் இந்தப் பேணியும் ஒன்று. மாணவர்கள் அதை ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கிப் பார்த்தார்கள். நல்ல வடிவு என்றார்கள். தண்ணீர் வார்த்துக் குடிக்க முயன்று சட்டையை நனைத்துச் சிரித்தார்கள். அப்போது பின்வாங்கிலிருந்த ஒரு மாணவன் எழுந்து, "எங்கட அப்பப்பாவுக்கு இதிலை தண்ணி குடுக்கமாட்டினமாம் சேர். சிரட்டையிலைதான் வாக்கிறதாம்" என்றான்.

அவன் கோபத்தோடு சொல்லவில்லை. பாடத்துக்குத் தேவையான ஒரு தகவலைச் சொல்பவன்போலச் சொன்னான். வகுப்பு அமைதியாயிற்று. அடுத்த நாள் நான் ஒரு சிரட்டையையும் கொண்டுசென்று மேசையிலே மூக்குப்பேணிக்குப் பக்கத்தில் வைத்தேன். 'இரு கலங்கள்' என்ற தலைப்பிற் கட்டுரை எழுதும்படி கேட்டேன். அன்று எழுதப்பட்ட கட்டுரைகளைப்போல உண்மையான கட்டுரைகளை அதற்குமுன் என் மாணவரிடமிருந்து நான் பெற்றதில்லை. தங்கள் வீட்டு முற்றத்திலே தனியாகத் தொங்கிய ஒரு தகரப்பேணியைப் பற்றி எழுதியவர்களும் இருந்தார்கள்.

மூக்குப்பேணி உதடு படாத கலம். அப்படியானால் அதை யாருக்கும் கொடுத்திருக்கலாமே? எச்சில் மட்டும்தான் தடையென்றால் அந்த மூக்கு அதைத் தீர்த்துவிட்டது. ஆயினும் கொடுக்கவில்லை. ஆகவே தடை எச்சிலில் இல்லை, சாதியில் இருந்தது என்பதை அந்தக் கலமே காட்டிக்கொடுக்கிறது. கண்ணகியின் சிலம்பைப்போல இதுவும் உடைத்துப் பார்க்கவேண்டிய கலம்தான்.

நமது ஈழத்து இலக்கியம் இதை உடைத்துப் பார்த்தது. சாகித்திய மண்டலப் பரிசு பெற்ற டொமினிக் ஜீவாவின் சிறுகதைத் தொகுதிக்குத் 'தண்ணீரும் கண்ணீரும்' என்று பெயர். கே. டானியலின் 'பஞ்சமர்' நாவல் ஒடுக்கப்பட்ட மக்களின் வாழ்வையும் எழுச்சியையும் விரித்துரைத்தது. தேநீர்க் கடைகளிலே ஒரு சாராருக்குக் கிளாசும் மற்றவர்க்குப் போத்தலும் சிரட்டையும் என்றிருந்த காலத்தை, இவர்களைப் போன்றவர்கள் எழுதியிராவிட்டால் நாம் வசதியாக மறந்திருப்போம். சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957 இல் வந்தது. கடையிலும் உணவகத்திலும் சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பது அதன்படி குற்றம். சட்டம் வந்தும் கலம் மாறவில்லை. 1966 ஒக்டோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்தை நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதைத் தொடர்ந்த தேநீர்க்கடைப் பிரவேச, ஆலயப் பிரவேசப் போராட்டங்களுமே அதை மாற்றின. ஒரு கிளாஸ் தேநீருக்காக மனிதர் அடிபட்டார்கள் என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் வியக்கிறார்கள். அவர்கள் போராடியது தேநீருக்காக அல்ல, அந்தக் கிளாசுக்காக.

அணிகலத்துக்கும் இப்படி ஒரு மறுபக்கம் உண்டு. நமது திருமணங்களிலே பொன்னுருக்கு என்ற சடங்கு எவ்வளவு அழகானது என்பதை நேயர்கள் அறிவீர்கள். நகைக்கடையிலே போய்த் தாலி வாங்கிவிடுவதில்லை. பத்தர் மணமகன் வீட்டுக்கு வருகிறார். கும்பத்தின் முன்னே அடுப்பு மூட்டி, சபையோர் பார்த்திருக்கப் பொன் நாணயத்தை உருக்குகிறார். உருக்கிய பொன்னைத் தட்டத்திலே வைத்து எல்லோருக்கும் காட்டுகிறார்கள். பிறகு விருந்து. அந்தப் பொன்னிலிருந்தே தாலி செய்யப்படுகிறது. பிள்ளையார் உருவமோ அம்மன் உருவமோ அந்தந்தக் குடும்ப வழக்கப்படி அமையும். கிறிஸ்தவக் குடும்பங்களிலே சிலுவையோ புறாவோ அமையும். சமயம் வேறானாலும் கொடியில் தொங்கும் தாலி என்ற அமைப்பு ஒன்றே. ஓர் அணிகலம் ஊரார் கண்முன்னே பிறப்பது உலகில் எல்லா இடத்திலும் காணக்கூடிய காட்சியன்று.

ஆனால் அந்தச் சபையில் யார் முன்னே நிற்கலாம்? சங்கப் புலவர்கள் கைம்பெண்ணைக் கலம் கழித்த மகளிர் என்ற பொருளிலேயே குறித்தார்கள். அணிகலத்தை இழந்தவள் என்பதே அவளுடைய பெயராயிற்று. போர் நம்மிடையே ஆயிரக்கணக்கான பெண்களை அந்தப் பெயருக்கு உரியவர்களாக்கிவிட்டது. 2009 இற் கணவரை இழந்த ஓர் உறவினர், தையல் இயந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு தன் மகனை வளர்த்து ஆளாக்கினார். அந்த மகனின் பொன்னுருக்குக்குப் போயிருந்தேன். நாணயம் அந்தத் தாய் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வாங்கியது. அவரோ அறைக்கதவின் பின்னே நின்று, தலையை மட்டும் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் அவரை விலகச் சொல்லவில்லை. சொல்லாமலே விலகி நின்றார்.

வயது முதிர்ந்த பத்தர் ஊதுகுழலைக் கீழே வைத்தார். "தாயைக் கூப்பிடுங்கோ. காசு அவவின்ரை கையாலை வரட்டும்" என்றார். சபை ஒருவரையொருவர் பார்த்தது. பெரியவர்கள் சிலர் தொண்டையைச் செருமினார்கள். பத்தர் மறுபேச்சின்றிக் கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார். அவர் உருக்காவிட்டால் தாலி இல்லை. கடைசியில் மணமகனே எழுந்துபோய்த் தாயின் கையைப் பிடித்து அழைத்துவந்தான். அந்தத் தாய் கையைக் கழுவித் துடைத்துவிட்டு, வெற்றிலையின் மேல் நாணயத்தை வைத்துப் பத்தரிடம் கொடுத்தார். அன்று அந்த வீட்டிலே உண்ட சோற்றின் சுவை எனக்கு இன்னும் மறக்கவில்லை. சடங்கின் ஒழுங்கை நன்கறிந்த ஒரு கைவினைஞரே அந்தச் சடங்கின் கதவையும் திறந்துவிட்டார்.

இப்பொழுது நமது கலங்கள் மாறிக்கொண்டிருக்கின்றன. விருந்து மண்டபங்களிலே ஒருமுறை உண்டு எறியும் தட்டுகள் வந்துவிட்டன. ஒடியற்கூழுக்குப் பனையோலையிற் கோலிய பிளா, அரிதாகக் கிடைக்கும் பொருளாகிவிட்டது. மூக்குப்பேணி சில வீடுகளிலும் விடுதிகளிலும் கண்ணாடி அலுமாரிக்குள் அலங்காரப் பொருளாக நிற்கிறது. பழையவற்றைப் பேணவேண்டும் என்று நாம் சொல்கிறோம். பேணத்தான் வேண்டும். அவற்றைச் செய்த கைகளின் நுட்பம் மீண்டும் எளிதிற் கிடைக்காது. ஆனால் பித்தளையைத் துலக்கும்போது அதன் வரலாற்றையும் சேர்த்துத் தேய்த்துவிடக்கூடாது. மூக்குப்பேணியை வைக்கும் அலுமாரியிலே ஒரு சிரட்டைக்கும் இடம் வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

நிறைவாக ஒரு கலத்தைப் பற்றிச் சொல்லி அமைகிறேன். சாத்தனாரின் மணிமேகலையிலே வரும் அமுதசுரபி அது. மணிபல்லவத் தீவிலே கோமுகிப் பொய்கையிலிருந்து மணிமேகலையின் கைக்கு வருகிறது. நமது நயினாதீவே மணிபல்லவம் என்று கருதுவோரும் உளர். அந்தக் கலத்தை முன்பு வைத்திருந்தவன் ஆபுத்திரன். பிறப்பைக் காட்டி ஊரார் இழித்துத் துரத்திய மனிதன் அவன். ஒதுக்கப்பட்டவனின் கையிலேதான் அள்ள அள்ளக் குறையாத கலம் முதலிற் சேர்ந்தது என்று சாத்தனார் காட்டுவது தற்செயலன்று. நாட்டிலே மழை பெருகிப் பசித்தவர் இல்லாமற்போனபோது, அந்தக் கலத்துக்கு வேலையில்லாமற் போயிற்று. பின்னர் மணிமேகலையின் கையிலே, ஆதிரை இட்ட முதற் பிச்சையோடு அது மீண்டும் உயிர்பெற்றது. காயசண்டிகையின் தீராப் பசியைத் தீர்த்தது. ஊரம்பலத்திலே வந்தவர்க்கெல்லாம் சோறு இட்டது. சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகவும் காரணமாயிற்று.

சாத்தனார் அதைக் கடிஞை என்றும் சொல்கிறார். கடிஞை என்றால் பிச்சைப் பாத்திரம். கரிகாலனின் பொற்கலத்துக்கும் பாண்டியனின் தேறற் கலத்துக்கும் இல்லாத புகழ், இரப்போர் ஏந்தும் பாத்திரத்துக்குத் தமிழிலே கிடைத்திருக்கிறது. அது யாரையும் நீ யார் என்று கேட்கவில்லை. பசிக்கிறதா என்று மட்டுமே கேட்டது. நமது வீடுகளிலுள்ள செம்பும் தட்டமும் பேணியும் தாலிக்கொடியும் அழகானவை. அடுத்த முறை அவற்றைத் துலக்கி எடுத்து வைக்கும்போது, அவை இனி யார் யார் கைக்குப் போகப்போகின்றன என்பதையும் நாமே தீர்மானிப்போம்.